கண்ணப்பரின் கண்ணும் நாசாவின் செயற்கைக்கோளும்

கொழும்பிலுள்ள சைவக் கோயில்களின் அறங்காவலர் சபையினருக்கும் அறநெறி வகுப்புகளை நடத்தும் பெரியோர்களுக்கும்,

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் அந்தக் கிழமையே ஒழுங்காக ஓடாத ஆளும் நான்தான். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கடிதம் படித்ததும் 'இவர் கடவுள் இல்லை என்கிற கூட்டம்' என்று மூடி வைத்துவிடுவீர்கள்.

சில மாதங்களுக்கு முன் உங்களில் ஒரு சபையினர் 'விஞ்ஞானமும் ஆன்மிகமும்' என்று ஒரு கருத்தரங்கு வைத்தீர்கள். எந்தக் கோயில் என்று எழுதப் போவதில்லை. இதே நிகழ்ச்சி வேறு வேறு மண்டபங்களில் வேறு வேறு படங்களோடு நடக்கிறது, ஒரு கோயிலை மட்டும் இழுப்பது நியாயமில்லை. என்னையும் பேச அழைத்திருந்தீர்கள். எனக்கு முன் பேசியவர் திரையில் படம் காட்டி ஒரு மணித்தியாலம் பேசினார். திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது நாசாவின் செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்றுவிடுகிறதாம். மாணிக்கவாசகர் பெருவெடிப்பைப் பற்றி எழுதிவிட்டாராம். ஔவையார் அணுவைத் துளைத்துவிட்டாராம். சுவிற்சர்லாந்தில் பெரிய விஞ்ஞானிகள் தங்கள் வாசலிலே நடராசரை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பிள்ளைகள் கை தட்டினார்கள். பெற்றோர் அதைவிடப் பலமாகத் தட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று எழும்பியது. "அம்மம்மாவுக்கு மூச்சு எடுக்க ஏலாமல் போனபோது மெஷின் பூட்டவா என்று டொக்டர் கேட்டவர். அப்பா வேண்டாம் என்று சொல்லிப்போட்டார். மூன்றாம் நாள் அம்மம்மா போயிட்டா. அப்பா இப்ப சரியாகச் சாப்பிடுகிறதில்லை. அப்பா செய்தது பாவமா?"

மண்டபம் அப்படியே அடங்கிப் போனது. மேடையில் இருந்த ஒருவர், "நல்ல கேள்வி தங்கச்சி, ஆனால் இன்றைய தலைப்பு அது இல்லை" என்றார். அப்புறம் வடையும் தேநீரும் வந்தன.

தலைப்பு அதுதான், ஐயா. அன்று அந்த மண்டபத்தில் தலைப்பைத் தொட்டது அந்தப் பிள்ளை ஒன்றுதான். நானும் வாயைத் திறக்கவில்லை. பேச்சாளர் வரிசையில் மூன்றாவது கதிரையில் இருந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது.

முதலில் அந்தச் செயற்கைக்கோளை இறக்கி வைத்துவிடுகிறேன், பழக்க தோஷம். பூமியை அண்டிச் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீற்றர் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. தண்ணீர்ச் செம்பைக் கயிற்றில் கட்டிச் சுழற்றும்போது கையை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். மூன்று விநாடி நின்ற செயற்கைக்கோளுக்கு மறுபடி அந்த வேகம் வர வேண்டுமென்றால் இன்னொரு ரொக்கெட் வேண்டும். நின்றது போலத் தெரியும் செயற்கைக்கோள்கள் உண்டுதான். அவை நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுகின்றன, அவ்வளவுதான். அவற்றைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945இல் எழுதிய ஆதர் சி. கிளார்க் 1956இல் இருந்து நம் நாட்டில் வாழ்ந்தவர். 2008இல் இங்கேதான் இறந்தார். தன் இறுதி நிகழ்வில் எந்த மதத்தின் சடங்கும் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார், அப்படியே கனத்தைப் பொது மயானத்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய கொள்கை எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தன் சாவைப் பற்றி உட்கார்ந்து யோசித்து எழுதி வைத்தாரே, அது எங்கள் எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது? 'சாவுக் கதை கதையாதே, அபசகுனம்' என்று சொல்லும் வீடுகள் அல்லவா எங்களுடையவை. பிறகு நள்ளிரவில் ஒரு டொக்டர் கேட்கும் கேள்விக்கு அந்த அப்பா தனியே நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஔவையாரின் அணுவையும் பார்த்துவிடுவோம். திருக்குறளின் சுருக்கத்தைப் புகழ அணுவைத் துளைத்துக் கடலைப் புகட்டியதாகப் பாடினார். அதே திருக்குறளுக்கு இடைக்காடர் கடுகைத் துளைத்தார். அணு அணுவியல் என்றால் கடுகு என்ன இயல்? திருவண்டப்பகுதியில் கோடிக்கணக்கான அண்டங்கள் வருவது உண்மை. அது திருவாசகத்தில் ஒரு பகுதி. வாசித்துப் பாருங்கள்: கூரை ஓட்டை வழியாக நுழையும் வெயிலில் தூசி பறக்கிறதே, அவன் முன்னால் அந்த அண்டங்கள் எல்லாம் அந்தத் தூசி போலச் சிறியவை என்கிறார் மாணிக்கவாசகர். அவர் வானத்தை அளக்கவில்லை. தான் எவ்வளவு சின்னவன் என்று கண்டு நடுங்குகிறார். நாங்களோ அந்த நடுக்கத்தை வழித்தெறிந்துவிட்டு, எண்ணை மட்டும் எடுத்து 'பார், எங்கள் ஆள் முதலே சொல்லிவிட்டார்' என்று நெஞ்சை நிமிர்த்துகிறோம். வாசகத்தின் அர்த்தத்தை அப்படியே தலைகீழாகப் பிடிப்பதற்கு இதைவிட நல்ல வழி இருக்க முடியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. விஞ்ஞானம் தன் முடிவுகளைத் திருத்திக்கொண்டே போகும், அதுதான் அதன் பலம். இன்றைக்குள்ள கோட்பாடு ஒன்றோடு சிவனைக் கட்டிவைத்தால் நாளைக்கு அந்தக் கோட்பாடு மாறும்போது சிவனை என்ன செய்வீர்கள்? பதினெட்டு வயதில் என் வகுப்புக்கு வரும் பிள்ளை செயற்கைக்கோள் கதை பொய் என்று அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்ததும் அந்தக் கதையை மட்டும் எறியாது. அதைச் சொன்ன மண்டபத்தையும் சேர்த்து எறிந்துவிடும். நான் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் முதலில் போவார்கள்.

சரி, சுவிற்சர்லாந்து நடராசர். அது பொய்யில்லை. ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள சேர்ன் என்ற துகள் பௌதிக ஆய்வுகூடத்துக்கு இந்திய அரசின் அணுசக்தித் துறை 2004இல் கொடுத்த அன்பளிப்பு, இரண்டு மீற்றர் உயரம். துகள்கள் தோன்றுவதும் அழிவதுமான ஆட்டத்துக்கு அது ஓர் அழகான உவமை. உவமை என்ற அளவில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தச் சிலைக்குப் பக்கத்திலுள்ள கல்வெட்டில் யாருடைய வார்த்தைகள் இருக்கின்றன என்று எங்கள் பேச்சாளர் சொல்லவில்லை. ஆனந்த குமாரசுவாமியுடைய வார்த்தைகள்! 1877இல் இதே கொழும்பில் பிறந்தவர். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய பொன்னம்பலம் இராமநாதனுக்கு மாமன் மகன். அடிப்படையில் அவர் மண்ணியல் விஞ்ஞானி. இலங்கையின் கனிமவியல் ஆய்வுத் துறைக்கு முதல் பணிப்பாளர். தோரியனைற் என்ற கதிரியக்கக் கனிமத்தை உலகுக்கு அறியத் தந்தவர், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானக் கலாநிதி. அந்த மனிதர் 1918இல் சிவ நடனம் பற்றிய தன் கட்டுரையைப் புத்தகமாகக் கொண்டுவந்தபோது அதற்குத் துணையாகத் தன் தோரியனைற்றையா கூப்பிட்டார்? உண்மை விளக்கம் என்ற சைவ சித்தாந்த நூலையும் திருமந்திரத்தையும் அல்லவா கூப்பிட்டார். உடுக்கையில் தோற்றம், அமைத்த கையில் காப்பு, நெருப்பில் அழிவு, ஊன்றிய காலில் மறைப்பு, தூக்கிய காலில் முத்தி. கல்லைப் பற்றிக் கதைக்கும்போது கல்லின் மொழி, ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கும்போது ஆட்டத்தின் மொழி. இரண்டையும் அவர் குழப்பவில்லை.

விபுலானந்த அடிகளும் அப்படித்தான். காரைதீவில் பிறந்து, கொழும்பிலே தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் படிப்பித்து, 1924இல் துறவியானவர். பழந்தமிழர் யாழை மீட்டெடுக்க அவர் கைக்கொண்டது கணக்கு. நரம்புகளின் சுருதியை விகிதம் விகிதமாகக் கணக்கிட்டார். யாழ் ஒலிக்கும்போது மனம் கரைவது ஏன் என்று அவர் கணக்குப் போடவில்லை, அங்கே கணக்குக்கு வேலையில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த இரண்டு பேரும் ஒரே ஆண்டில், 1947இல், காலமானார்கள். அவர்களுக்குப் பிறகு அந்த அளவுக்கு இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவரை நான் நேரில் காணவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் எத்தனை 'ஏ' சித்தி என்று கணக்கு வைத்திருந்தேன். அந்தப் படிப்பை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று ஒரு பிள்ளையிடம்கூடக் கேட்டதில்லை. போன வருடம் பழைய மாணவன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டில் சந்தித்தான். பிள்ளைகள் கைத்தொலைபேசியைக் கீழே வைக்காமல் இருக்க என்ன காட்டலாம் என்று கணிப்பது அவனுக்கு வேலை. "நான் நல்லாகத்தான் செய்கிறேன் சேர். என் மகளுக்கு மட்டும் அந்தச் செயலியைக் கொடுக்க மாட்டேன். நான் செய்வது பிழையா?" என்று கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பதில்: "சம்பளம் எவ்வளவு?"

அவன் கேட்டதற்கு நியூட்டனிடம் பதில் இல்லை. இருக்கவும் தேவையில்லை, அது நியூட்டனின் வேலை இல்லை. அது உங்கள் வேலை. செய்யலாம் என்பதைச் சொல்ல எங்களுக்குத் தெரியும். செய்ய வேண்டுமா, எங்கே கையை எடுக்க வேண்டும், எடுக்கத் தெரியாமல் போனால் எப்படி அழ வேண்டும், அழுதவனை எப்படித் தேற்ற வேண்டும் என்பதற்கு ஆயிரக்கணக்கான வருடங்களாக ஆட்கள் உட்கார்ந்து யோசித்த இடம் கோயில். நீங்கள் அந்தக் கடையைப் பூட்டிவிட்டு எங்கள் கடைச் சாமானை, அதுவும் போலிச் சாமானை, எடுத்து வைத்து விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒவ்வொருவரும் தன் வேலையை விட்டால் என்ன நடக்கும் என்று நாங்கள் எல்லோரும் 2020இல் பார்த்தோம். கொரோனாவில் இறந்தவரைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லி, முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்தார்கள். புதைப்பதோ எரிப்பதோ இரண்டும் செய்யலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தது. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையையும் அந்த வருடம் டிசம்பரில் கொழும்பு பொரளையில் எரித்தார்கள். 2021 பிப்ரவரி கடைசியில்தான் புதைக்க அனுமதி வந்தது, அதன் பிறகு புதைப்பதற்காகக் கிழக்கிலுள்ள ஓட்டமாவடிக்கு உடல்கள் போகத் தொடங்கின. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. குழந்தையை எரித்த அதே டிசம்பரில் கேகாலைப் பக்கம் ஒருவர், காளி அருளால் கிடைத்தது என்று ஒரு மருந்துப் பாணியைக் கொடுக்க, ஆயிரக்கணக்கானவர்கள் ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நோய் ஒழிய வேண்டுமென்று ஆற்றிலே பானை விட்டவர் நாட்டின் சுகாதார அமைச்சர். பாணியையும் குடித்துப் பார்த்தார். அடுத்த மாதம் அவருக்கும் கொரோனா வந்தது.

ஒரே நாடு, ஒரே மாதம். ஒரு பக்கம் விஞ்ஞான வேஷம் போட்ட பயம், மறுபக்கம் பக்தி வேஷம் போட்ட பயம். உண்மையான விஞ்ஞானம் அந்தக் குழந்தையைப் புதைக்க விட்டிருக்கும். உண்மையான பக்தி அந்த வரிசையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கும். இவை இரண்டைப் பற்றியும் நான் போகும் கோயிலில் ஒரு சொல் கேட்கவில்லை. நானும் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் சமயத்து ஆட்களின் பிரச்சினை இல்லையே என்று இருந்துவிட்டேன்.

இரண்டும் ஒழுங்காகச் சந்தித்த இடமும் இந்த ஊரிலேயே உண்டு. ஹட்சன் சில்வா என்ற வைத்தியர் 1958இல் கண்தானம் கேட்டுப் பத்திரிகையில் எழுதினார். 1960இல் தன் தாய் இறந்தபோது அவருடைய கண்ணின் முன்பக்கத்திலுள்ள தெளிந்த படலத்தையே வேறொருவருக்குப் பொருத்த வைத்தார். 1961இல் கண்தான சங்கத்தைத் தொடங்கினார். 1964இலிருந்து இலங்கைக் கண்கள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. சிங்கள மக்கள் இவ்வளவு தாராளமாகக் கண் கொடுத்ததற்கு அறுவைச் சிகிச்சையின் முன்னேற்றம் மட்டும் காரணமில்லை. யாசித்து வந்தவனுக்குத் தன் இரண்டு கண்ணையும் கொடுத்த சிபி மன்னனின் ஜாதகக் கதையை, அதாவது புத்தரின் முற்பிறப்புக் கதையை, அவர்கள் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். (எங்கள் சிபி புறாவுக்குத் தசை அரிந்து கொடுத்தவன், அவர்களுடைய சிபி கண் கொடுத்தவன்.) கத்தி விஞ்ஞானத்துடையது, கொடுக்கும் மனம் பன்சாலையுடையது, அதாவது பௌத்த விகாரையுடையது.

எங்களுக்குக் கதை இல்லையா? கண்ணப்பர் இல்லையா? அறநெறி வகுப்பில் அபிநயத்தோடு பேசிப் பரிசு வாங்காத பிள்ளை உண்டா? காளத்தியில் சுவாமியின் கண்ணில் இரத்தம் வடிய, திண்ணனார் முதலில் காட்டிலே மூலிகை தேடி ஓடுகிறார். பிழிந்து பார்க்கிறார், நிற்கவில்லை. அப்புறம்தான் 'ஊனுக்கு ஊன்' என்ற பழமொழி நினைவுக்கு வந்து அம்பை எடுக்கிறார். (தயவுசெய்து இதை 'உலகின் முதல் கண் மாற்றுச் சிகிச்சை' என்று அடுத்த கருத்தரங்கில் திரையில் போட்டுவிடாதீர்கள்.)

வெள்ளவத்தைக்காரருக்கு இன்னொருவரையும் தெரியும், பழைய ஆட்களுக்கு நிச்சயமாகத் தெரியும். பாமன்கடையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் படிப்பித்து, ஓய்வு பெற்ற பிறகு சாமியார்களின் பிழைப்பில் மண் போட்டவர். மோசடிக்கு இடமில்லாதபடி அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் இறக்கும்வரை ஒருவரும் அந்தப் பணத்தை எடுக்கவில்லை. என் அப்பாவுக்கு அவருடைய பெயரைக் கேட்டாலே முகம் சிவக்கும். அந்த நாத்திகர் தன் கண்களைக் கண் வங்கிக்கும் உடலை மருத்துவக் கல்லூரிக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனார். கண்ணப்பர் செய்ததைச் செய்தவர் அவர். கண்ணப்பருக்குக் குருபூசை செய்து சுண்டல் சாப்பிடுகிறவர்கள் நாங்கள்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மண்டபத்தில் செயற்கைக்கோள் கதைகளை நிறுத்துங்கள். நல்ல விஞ்ஞானம் பேச வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், காசு வேண்டாம், கிரகணம் வரும் நாளில் அட்டையில் ஊசியால் துளை போட்டுச் சூரியனின் பிறையைத் தரையில் விழுத்திக் காட்டுகிறேன். ராகு வந்தானா இல்லையா என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு பேச்சு, கவிதை, போட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். தேவாரம் தெரிந்த ஒருவரும் சாகக் கிடக்கும் நோயாளிகளைக் கவனிக்கும் டொக்டர் ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரட்டும். ரியூசன் வகுப்பு இருக்கும் நேரமாகப் பார்த்து வைக்காதீர்கள், ஒருவரும் வரமாட்டார்கள். அதைப் பற்றிப் புலம்பவும் வேண்டாம், பெற்றோரிடம் நேரம் கேட்டு வையுங்கள்.

முதல் ஞாயிறுக்கு அந்தப் பிள்ளையையும் அவளுடைய அப்பாவையும் கூப்பிடுங்கள். என்ன பதில் சொல்வதென்று எனக்கும் சரியாகத் தெரியாது. 'நமனை அஞ்சோம்' என்று வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாடுகிறோம். யமனுக்கு அஞ்சாதவன் என்றால் மெஷினைப் பூட்டிப் பூட்டி அவனை வாசலில் நிறுத்தி வைப்பவனா, நேரம் வந்தது என்று தெரிந்தால் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவனா? அப்பர் எதை நினைத்துப் பாடினார் என்று தெரிந்த ஒருவர் அந்த மனிதரோடு பத்து நிமிடம் கதைத்தால் போதும், அவர் அன்று இரவாவது சாப்பிடுவார் என்று நினைக்கிறேன்.

கண்ணப்பர் குருபூசை தை மாத மிருகசீரிடத்தில். கண்தானப் படிவங்களை நான் எடுத்து வருகிறேன். என்னுடையதை நிரப்பிவிட்டேன், மனைவி இன்னும் யோசிக்கிறாள். மண்டப வாசலில் ஒரு மேசையும் இரண்டு பேனாவும் வைத்தால் போதும். மின்விசிறிக்குக் கீழே மேசையைப் போடாதீர்கள், தாள் பறக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.